முஸ்தபாவுக்கு எந்தத் திரை?

வீட்டிலேயே ஒரு ஆர்கேட் பெட்டி செய்யத் திரை வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு தாளை எடுத்து, அதில் ஆட விரும்பும் பத்து ஆட்டங்களின் பெயரை எழுதுங்கள். "எல்லா கேமும் ஓடணும்" என்று எழுதினால் அந்தத் தாளால் பயனில்லை. பள்ளி விட்டு வரும் வழியில் ஒரு ரூபாய்க் காசைக் கைக்குள் பொத்திக்கொண்டு நம் முறைக்காகக் காத்து நின்றோமே, அந்த ஆட்டங்களின் பெயர் வேண்டும். என் தாளில் முதல் பெயர் முஸ்தபா. 1993-இல் கேப்காம் வெளியிட்ட அந்த ஆட்டத்தின் அசல் பெயர் 'கெடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. நம் பக்கத்து வீடியோ கேம் கடையில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஓடிவந்து எட்டி உதைக்கும் தொப்பிக்காரனின் பெயரே ஆட்டத்துக்கும் ஆகிவிட்டது. அடுத்து ஸ்ட்ரீட் ஃபைட்டர், மெட்டல் ஸ்லக், பேக்மேன், கேலகா, 1943.

பட்டன், ஜாய்ஸ்டிக், ஸ்பீக்கர், கணினி எதையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். திரை அப்படியல்ல. திரையின் அளவுக்குத்தான் பலகையை அறுக்கிறோம். அது தவறினால் பெட்டியே தவறிவிடும். வெளியூரில் ஒருமுறை வாங்கியதை மாற்றக் காரைக்காலிலிருந்து மறுபடி சென்னைக்கோ திருச்சிக்கோ ஓட வேண்டும். ஆகவே இந்த அத்தியாயத்தில் அவசரம் வேண்டாம்.

படுத்த ஆட்டம், நின்ற ஆட்டம்

அந்தக் காலப் பெட்டிகளுக்குள் இருந்த பிக்சர் ட்யூப் அநேகமாக எல்லாமே 4:3. அகலம் நான்கு பங்கென்றால் உயரம் மூன்று பங்கு. ஆனால் நிறைய ஆட்டங்களுக்கு அந்த ட்யூபைப் பக்கவாட்டில் திருப்பி நிற்க வைத்திருந்தார்கள். பேக்மேன் (1980), கேலகா (1981), டாங்கி காங் (1981), விமானம் ஓட்டிச் சுடும் 1943 எல்லாம் நின்ற ஆட்டங்கள். முஸ்தபா, ஸ்ட்ரீட் ஃபைட்டர், மெட்டல் ஸ்லக் படுத்தவை.

உங்கள் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எது என்று குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகமிருந்தால், பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் என்ற மென்பொருளில் ஆட்டத்தைத் திறந்து டேப் விசையை அழுத்தி, 'மெஷின் இன்ஃபர்மேஷன்' என்ற பக்கத்தைப் பாருங்கள். படம் எத்தனை புள்ளி அகலம், எத்தனை புள்ளி உயரம், நொடிக்கு எத்தனை முறை வரையப்படுகிறது, நின்றதா படுத்ததா என்று நான்கும் அங்கே இருக்கும். 1997-இல் தொடங்கிய அந்த மென்பொருளுக்காக, அசல் சர்க்யூட் பலகைகளை அளந்து அளந்து சேர்த்த கணக்குகள் அவை. கடைக்காரர் சொல்லும் எந்த எண்ணையும்விட இந்த எண்களை நம்பலாம்.

இப்போது கொஞ்சம் கணக்கு. இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 16:9 அகலத்திரை. 24 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 30 செ.மீ. அதற்குள் 4:3 படத்தை வைத்தால் இரண்டு பக்கமும் கறுப்பு விட்டு, நடுவில் கிடைப்பது 19.6 அங்குலப் படம். 27 வாங்கினால் 22. 32 வாங்கினால் 26. திரையின் அங்குலத்தை 0.82-ஆல் பெருக்குங்கள், அதுதான் நீங்கள் ஆடப்போகும் படம்.

நின்ற ஆட்டத்துக்கு அடி இன்னும் பலம். படுத்திருக்கும் 24 அங்குலத் திரையில் பேக்மேனை ஓட்டினால் நடுவில் ஒரு சந்து மாதிரி, 15 அங்குலத்துக்கும் குறைவான படம்தான் வரும். அதே திரையைத் திருப்பி நிற்க வைத்தால் 19.6 அங்குலம். ஆகவே உங்கள் தாளில் ஏழெட்டுப் பெயர் நின்ற ஆட்டமாக இருந்தால், திரையை நிரந்தரமாக நிற்க வைத்தே பெட்டி செய்யுங்கள். பாதிக்குப் பாதி என்றால், பின்பக்கம் திருகாணி போட்டுச் சுழலும் பலகையில் மாட்டலாம். நான் அதைச் செய்து பார்த்திருக்கிறேன், நன்றாகவே ஓடும். ஆனால் பெட்டியின் முகப்பு அகலமாகிவிடும், ஒயருக்கும் இடம் விட வேண்டும். பெயர்களில் ஒன்றிரண்டே நின்றவை என்றால் அவற்றைச் சிறிய படத்தில் ஆடுவது தவறில்லை.

384 என்ற எண்ணில் ஏமாறாதீர்கள்

முஸ்தபாவின் தகவல் பக்கத்தைத் திறந்தால் 384க்கு 224 என்று இருக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கும் இதே எண்தான். ஒரே குடும்பத்து சர்க்யூட் பலகைகள். 384-ஐ 224-ஆல் வகுத்தால் 1.71 வருகிறது. அகலத்திரை 16:9 என்பது 1.78. "அடடே, இந்த ஆட்டம் அகலத்திரைக்கே செய்தது போலிருக்கிறதே!" என்று தோன்றும். முழுத்திரை போட்டால் கறுப்புப் பட்டையும் போய்விடும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்.

அந்த 384 புள்ளிகளும் 4:3 ட்யூபில் நெருக்கி வரையப்பட்டவை. அங்கே ஒரு புள்ளி சதுரம் அல்ல. அகலம் குறைந்து உயரம் கூடியது. ஓவியர்கள் அந்த நெருக்கத்தை மனதில் வைத்துத்தான் ஆளையும் மிருகத்தையும் வரைந்தார்கள். முழுத்திரையில் இழுத்தால் எல்லோரும் குட்டையாகவும் பருமனாகவும் ஆகிவிடுவார்கள். சோதிக்க எளிய வழி, கெடிலாக் ஓட்டும் கட்டத்துக்குப் போய்ச் சக்கரத்தைப் பாருங்கள். சக்கரம் வட்டமாக இருந்தால் திரை அமைப்பு சரி. முட்டையைப் படுக்க வைத்தது போலிருந்தால் 4:3-க்கு மாற்றுங்கள். பக்கத்தில் வரும் கறுப்பை மறைக்கப் பெட்டியின் முகப்பிலேயே 4:3 அளவுக்கு ஓட்டை வெட்டிய அட்டை வைத்துவிடலாம். பழைய கடைகளிலும் ட்யூபைச் சுற்றி அப்படித்தான் அட்டை இருந்தது.

உயரக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 224 கோடுகள் உள்ள படத்தை முழு மடங்காகப் பெருக்கினால்தான் ஒவ்வொரு கோடும் ஒரே தடிமனாக வரும். 1080 கோடுள்ள திரையில் நான்கு மடங்கு, 896. மேலும் கீழும் 92 கோடுகள் சும்மா கிடக்கும். ஐந்து மடங்கு 1120 என்பதால் திரைக்குள் அடங்காது. 1440 கோடுள்ள திரையில் ஆறு மடங்கு, 1344. படம் கிட்டத்தட்ட முழு உயரம். இதனால்தான் 27 அங்குலம், 1440 கோடு என்ற சேர்க்கையை நான் பரிந்துரைக்கிறேன். 2160 கோடுள்ள 4கே திரை இன்னும் நல்லது. பழைய ட்யூபின் புள்ளியும் கோடும் தெரியும்படி செய்யும் வடிகட்டிகளுக்கு அத்தனை கோடு தேவை. ஆனால் அவற்றை ஓட்ட நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். சிறு கணினியில் ஆடுபவர் 4கே-க்குச் செலவழிக்க வேண்டாம்.

வீட்டில் ஏற்கெனவே சுவரில் இருக்கும் 32 அங்குல டிவியைப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பார்கள். அவற்றில் பல 768 கோடுள்ளவை. 224 கோடு ஆட்டத்துக்கும் ஒத்துவராது, 240 கோடு ஆட்டத்துக்கும் ஒத்துவராது. போதாக்குறைக்குப் படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டுத்தான் காட்டும். ஸ்கோர் எண் பாதி மறைந்துவிடும். ஆடிப் பழகும்வரை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் வைக்க வேண்டாம்.

வளைந்த திரை வேண்டவே வேண்டாம். பழைய ட்யூப் நம்மை நோக்கிப் புடைத்திருந்தது. இன்றைய வளைந்த திரை உள்ளே குழிந்திருக்கிறது.

மூன்று பேர் நிற்கும் இடம்

முஸ்தபாவை மூன்று பேர் சேர்ந்து ஆடலாம். கடையில் அப்படித்தான் ஆடினோம், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. வீட்டிலும் அண்ணன், தம்பி, மாமா பிள்ளை என்று மூன்று பேர் நின்றால் நடுவில் இருப்பவர் மட்டும்தான் திரைக்கு நேராக இருப்பார். மற்ற இருவரும் பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். இங்கேதான் பேனல் வகை முக்கியமாகிறது.

மலிவான டிஎன் பேனலைக் கீழிருந்து பார்த்தால் நிறம் கறுத்துவிடும். படுத்திருக்கும்போது இது அவ்வளவாகத் தெரியாது. அதே திரையை நிற்க வைத்தால் அந்தக் குறை பக்கவாட்டுக்கு வந்துவிடும். இடப்பக்கம் நிற்பவருக்கு ஒரு நிறம், வலப்பக்கம் நிற்பவருக்கு வேறு நிறம். விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும்; கேலகாவின் நட்சத்திர வானம் அழகாகத் தெரியும். ஆனால் கறுப்பிலிருந்து நிறத்துக்கு மாறும் வேகம் குறைவு என்பதால், ஓடும் உருவத்துக்குப் பின்னால் நிழல் இழுபடும். ஐபிஎஸ் பேனலில் கறுப்பு சற்றே சாம்பல் கலந்தது. அது ஒன்றுதான் குறை. எந்தப் பக்கம் நின்றாலும் நிறம் மாறாது, திருப்பி வைத்தாலும் மாறாது. நான் ஐபிஎஸ்தான் வாங்கச் சொல்வேன். ஓஎல்இடி கண்ணைப் பறிக்கும். ஆனால் ஸ்கோர் வரி ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்கும் இந்த ஆட்டங்களுக்கு அது ஏற்றதல்ல. நாளடைவில் அந்த எண்ணின் தடம் திரையில் பதிந்துவிடும்.

புதுத் திரைக்கு மாற்றாக ஒன்று சொல்கிறேன். 2006 வாக்கில் அலுவலகங்களுக்கென்று வந்த 20 அங்குல 4:3 திரைகள், டெல் 2007எஃப்பி, எச்பி எல்பி2065 போன்றவை, இப்போதும் சென்னை ரிச்சி தெருப் பக்கம் பழைய சாமானில் தேடினால் கண்ணில் படலாம். 1600க்கு 1200 புள்ளி. 240 கோடு ஆட்டத்துக்கு மிகச் சரியாக ஐந்து மடங்கு. ஒரு அங்குலம்கூட வீணாகாது, திருப்பி வைத்தால் பேக்மேனுக்கு அளவெடுத்துச் செய்தது போலிருக்கும். எச்டிஎம்ஐ துளை இருக்காது. எச்டிஎம்ஐ ஒரு முனையும் டிவிஐ மறுமுனையும் உள்ள ஒயரே போதும், ஸ்பீக்கரைத் தனியாக இணைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எரிவது குழல்விளக்கு என்பதால் வயதானவற்றில் வெளிச்சம் மங்கி மஞ்சளடித்திருக்கும். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்து, பக்கத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

பட்டனுக்கும் உதைக்கும் இடையே

ஆட்டம் நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி நொடி. பழைய ட்யூபில் சிக்னல் வந்தவுடன் கோடு கோடாகத் திரையில் விழுந்தது. நடுவில் சேமித்து வைக்கும் வேலையே இல்லை. இன்றைய டிவி ஒவ்வொரு படத்தையும் வாங்கி, மெருகேற்றி, பெருக்கி, பிறகுதான் காட்டும். 'கேம் மோட்' போடாத டிவியில் இந்த வேலைக்கே ஐந்தாறு படம் கடந்துவிடும். நீங்கள் பட்டனை அழுத்தும்போது எதிராளியின் கை உங்கள் மேல் ஏற்கெனவே விழுந்திருக்கும். கை பழக்கம் விட்டுப்போச்சு என்று நினைத்து வருந்துவோம். கையில் குறை இருக்காது.

கணினி மானிட்டர்களில் இந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு. ஆனாலும் சோதிக்காமல் வாங்காதீர்கள். அட்டையில் '1 எம்எஸ்' என்று போட்டிருப்பது புள்ளி நிறம் மாறும் வேகம், தாமதம் அல்ல. இரண்டும் வேறு. நல்ல சோதனை செல்போனிலேயே இருக்கிறது. நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில், பட்டனில் இருக்கும் விரலும் திரையும் ஒரே சட்டத்தில் வரும்படி எடுங்கள். பட்டன் அமுங்கிய படத்திலிருந்து திரையில் ஆள் அசையும் படம் வரை எண்ணுங்கள். ஒரு படத்துக்கு நான்கு மில்லி நொடி. இந்த மொத்தத்தில் ஆட்டத்தின் தாமதமும் கணினியின் தாமதமும் சேர்ந்தே இருக்கும். அதனால் அதே கணினியை இரண்டு திரையில் மாட்டி ஒப்பிடுவதுதான் முறை. சிறு கணினி ஒன்றையும் ஒரு கைப்பிடியையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். நல்ல கடைக்காரர் தடுக்க மாட்டார்.

ஹெர்ட்ஸ் என்ற எண்ணில் பெரிதாக மயங்க வேண்டாம், ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். முஸ்தபா நொடிக்கு 59.6 முறை வரையப்படுகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் மூன்று நொடிக்கு ஒருமுறை நூலளவு தயக்கம் வரலாம், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மார்ட்டல் காம்பாட் 54.7, ஆர்-டைப் 55. இவற்றை 60-இல் ஓட்டினால் நொடிக்கு ஐந்து முறை இடறும். இடறாமல் 60-க்கு இழுத்து ஓட்டினால் ஆட்டம் பத்தில் ஒரு பங்கு வேகமாகிவிடும், பாட்டின் சுருதியும் ஏறிவிடும். இதற்கு மருந்து, ஆட்டத்தின் வேகத்துக்குத் தானே இறங்கி வரும் ஃப்ரீசிங்க் வகைத் திரை. பல சாதாரண 75 ஹெர்ட்ஸ் அலுவலகத் திரைகளிலும் 48 முதல் 75 வரை இந்த வசதி உண்டு. 54.7 அதற்குள் அடங்கிவிடுகிறது. கணினியின் கிராபிக்ஸும் அதை ஆதரிக்க வேண்டும், அவ்வளவுதான். 240 ஹெர்ட்ஸ் திரைக்குக் கொட்டும் பணத்தை இங்கே செலவிட்டால் நல்ல பலன்.

பரணில் இருக்கும் டிவி

வாஞ்சூர் எல்லையைத் தாண்டினாலும் பூவம் எல்லையைத் தாண்டினாலும் தமிழ்நாடு. அங்கே 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டிகள் ஒரு கோடிக்கும் மேல். உறவுக்காரர் வீட்டுப் பரணில், சமையலறை மூலையில், இன்றும் அவற்றில் சில கிடக்கலாம். பழைய இரும்புக்காரருக்குப் போட நினைக்கும் அந்த டிவிதான், இந்த ஆட்டங்கள் எதற்காக வரையப்பட்டனவோ அதே வகைத் திரை. அதே 4:3, தாமதமே இல்லாத அதே ட்யூப். புள்ளிகள் ஒன்றோடொன்று கசிந்து கலந்து, 224 கோடு ஓவியம் உயிரோடு தெரியும். முதல் முறை அதில் முஸ்தபாவை ஓட்டிப் பார்த்தபோது நான் சற்று நேரம் ஆடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மாட்டுவது எப்படி? முன்பக்கமோ பின்பக்கமோ மஞ்சள் துளை இருக்கும். ஏவி ஒயர் அங்கே. கணினியின் எச்டிஎம்ஐ-யை ஏவி-யாக மாற்றும் மலிவுப் பெட்டியை வாங்காதீர்கள். அது கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து அனுப்பும். படம் நடுங்கும், தாமதமும் சேரும். ராஸ்பெரி பை 3 போன்ற சிறு கணினியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்தே ஏவி படம் எடுக்கலாம். அதன் கான்ஃபிக் கோப்பில் எஸ்டிடிவி மோட் என்ற வரியில் 16 என்று கொடுத்தால், நொடிக்கு 60 வீதம் பிரிக்காத 240 கோடு படம் வரும். நம் ஊர் டிவி 50-க்கும் பால் முறைக்கும் செய்தது என்பதால் 60-ஐயும் என்டிஎஸ்சி நிறத்தையும் ஏற்கிறதா என்று மாட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் டிவியின் மெனுவில் நிற முறையை மாற்றிப் பாருங்கள்.

காரைக்காலுக்கென்றே ஒரு குறிப்பு. பிரான்ஸில் உறவுள்ள வீடுகள் இங்கே நிறைய. அங்கிருந்து கப்பலில் சாமான் கொண்டு வந்த குடும்பம் ஏதாவது பழைய ட்யூப் டிவியை வைத்திருந்தால் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். 21 முனையுள்ள நீண்ட துளை இருந்தால் விட்டுவிடாதீர்கள். 1980 முதல் பிரான்ஸில் விற்ற டிவிகளுக்குப் பெரிடெல் எனப்படும் அந்தத் துளை கட்டாயமாக இருந்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி ஒயரில் போவதால் ஆர்கேட் பெட்டிக்குள் இருந்ததைப் போன்ற துல்லியம் கிடைக்கும். அந்த டிவி நம் ஊர் ஒளிபரப்பைப் பிடிக்காமல் போகலாம், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் முனை மட்டும் வேறு.

துப்பாக்கியால் வாத்து சுடும் பழைய டிவி வீடியோ கேம் வைத்திருப்பவருக்கும் ட்யூப் ஒன்றே வழி. தட்டைத் திரையில் அந்தத் துப்பாக்கி வேலை செய்யாது.

இவ்வளவு சொன்னாலும், பெட்டிக்குள் நிரந்தரமாக வைக்கும் ஒரே திரையாக ட்யூபை நான் பரிந்துரைக்கவில்லை. காரணம் கடல். ட்யூபின் பக்கவாட்டில் ரப்பர் மூடி போட்ட இடத்தில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும். உப்பும் தூசும் படிந்து, கார்த்திகை மாத ஈரமும் சேர்ந்தால் அங்கிருந்து 'சிர்ர்' என்று சத்தம் வரும், ஒருவித காரமான வாடை அடிக்கும். அந்த வோல்ட்டைத் தரும் டிரான்ஸ்ஃபார்மரான எல்ஓடி போகப்போகிறது என்பதன் அறிகுறி அது. உடனே நிறுத்துங்கள். திருமலைராயன்பட்டினத்தில் டிவி பழுதுபார்க்கும் ஒரு அண்ணன் என்னிடம் சொன்னது: "பிளக்க புடுங்கிட்டா செத்துப்போச்சுன்னு நெனைக்காத தம்பி. அடிபட்ட பாம்பு மாதிரி அது. உள்ள இருக்குறது அப்படியே இருக்கும்." பின்மூடியை நீங்களாகக் கழற்றாதீர்கள். சுத்தம் செய்வதும் அந்தத் தொழில் தெரிந்தவர் கையாலேயே நடக்கட்டும். அவர்களில் பலர் வயதாகி வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். மாற்று எல்ஓடி கிடைப்பதும் கடினம். ட்யூபை இரண்டாவது திரையாக, தனி மேசையில் வைத்துக் கொண்டாடுங்கள்.

கொண்டலும் கரண்டும்

கிளிஞ்சல்மேட்டிலோ பட்டினச்சேரியிலோ கடலைப் பார்த்த வீட்டுக்கும், அம்பகரத்தூர் பக்கம் வயல் சூழ்ந்த வீட்டுக்கும் திரையின் ஆயுள் ஒன்றாக இருக்காது. கிழக்கே ஜன்னல் உள்ள அறையில், ஜன்னலுக்கு எதிரே பெட்டியை வைக்காதீர்கள். கொண்டல் அடிக்கும் காலத்தில் பயன்படுத்தாத எச்டிஎம்ஐ துளைகளின் முனை பச்சை பூத்துவிடும். அவற்றுக்கு ரப்பர் மூடி போடுங்கள். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பை இரண்டு தொங்கட்டும். நிறம் மாறினால் மாற்றுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது திரையை ஓட்டுங்கள். உள்ளே எழும் சூடு ஈரத்தை விரட்டும். மாதக்கணக்காக மூடி வைத்த திரைதான் முதலில் கெடுகிறது. ஏசி அறையென்றால், ஏசியை நிறுத்திய கையோடு ஜன்னலைத் திறக்க வேண்டாம். குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியும்.

கஜா புயலைப் பார்த்தவர்களுக்கு மின்சாரம் போவதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. போகும்போது வரும் சேதத்தைவிடத் திரும்பி வரும்போது வரும் சேதம் பெரிது. கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், வந்து பத்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். வெளியே தனி அடாப்டர் உள்ள மானிட்டரை வாங்குங்கள் என்பது என் பரிந்துரை. அடி விழுந்தால் அடாப்டரோடு போகும்; திரை பெரும்பாலும் தப்பும். மூன்று முனைப் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். எர்த் இல்லாவிட்டால் இரும்புத் தகட்டில் பொருத்திய ஜாய்ஸ்டிக்கைத் தொடும்போது சுருக்கென்று இழுக்கும். குழந்தைகள் ஆடும் இடம் அது.

வாங்கும் நாள்

காரைக்காலில் வாங்கினால் வரி குறைவு, புதுவைக் கணக்கு என்று பெரியவர்கள் சொல்வது பழைய நிலவரம். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு இங்கேயும் நாகப்பட்டினத்திலும் வரி ஒன்றே. முன்பு 32 அங்குலத்தைத் தாண்டிய திரைக்கு 28 சதவீதம் இருந்தது; 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18 ஆகிவிட்டது. ஆகவே வரியைப் பார்த்து ஊர் மாற வேண்டியதில்லை. உள்ளூர்க் கடையில் வாங்கினால் பழுதென்றால் நேரில் போய் நிற்கலாம். பழைய 4:3 திரை தேடுபவருக்குத்தான் சென்னைப் பயணம்.

அப்படி வாங்கி எழும்பூரிலிருந்து இரவு ரயிலில் காரைக்கால் வருபவர்கள் திரையைப் படுக்க வைக்காதீர்கள். இருக்கைக்கு அடியில் தள்ளினால் யாராவது பெட்டியை அதன்மேல் ஏற்றிவிடுவார்கள். முகப்பில் தெர்மோகோல் பலகை வைத்து, போர்வை சுற்றி, ஜன்னல் பக்கச் சுவரோடு நிறுத்தி வையுங்கள்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை மூன்று. முழு வெள்ளைப் படம் போட்டுச் செத்த புள்ளி உண்டா என்றும், முழுக் கறுப்புப் படம் போட்டு ஓரத்தில் வெளிச்சக் கசிவு உண்டா என்றும் பாருங்கள். மெனுவில் 4:3 என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் வெசா துளைகள் நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 100 மில்லிமீட்டர் அல்லது 75 மில்லிமீட்டர் சதுரத்தில் இருக்கும். துளையில்லாத திரையைப் பெட்டிக்குள் நிறுத்த வழியே இல்லை என்றில்லை, ஆனால் அந்தத் தலைவலி எதற்கு?

அந்தத் துளைகளுக்கு 4 மில்லிமீட்டர் திருகாணி. நம் ஊர் ஈரத்தில் எம்டிஎஃப் பலகை ஊறிப் பருத்துவிடும் என்பதால் திரையைத் தாங்கும் பலகை மட்டுமாவது ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டாக இருக்கட்டும். திருகாணியின் நீளத்தில் கவனம் வேண்டும். துளைக்குள் ஒரு தீக்குச்சியை விட்டு ஆழத்தை அளந்து, குச்சியில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ஆழம் 10 மில்லிமீட்டர் என்றால், 12 மில்லிமீட்டர் பலகைக்கு 20 மில்லிமீட்டர் திருகாணி சரியாக இருக்கும். எட்டு மில்லிமீட்டர் உள்ளே பிடிக்கும். 25 போட்டால் முனை உள்ளே இருக்கும் சர்க்யூட்டில் குத்தும். நான்கையும் முதலில் தளர்வாக மாட்டி, திரையின் மேல்விளிம்பில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, அதன் பிறகு எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள்.